மரபணு மாற்றப்பட்ட பயிர்கள்: தட்டுக்கு முன் வயலைப் பார்ப்போம்

மரபணு மாற்றப்பட்ட பயிர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "அதைச் சாப்பிடலாமா?" என்பதுதான். உண்பது ஆகுமானதா, உடலுக்குக் கேடில்லாததா என்று பார்த்து உண்ணும் சமூகத்தில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அந்தப் பயிர் நம் தட்டுக்கு வருவதற்கு முன் மாதக்கணக்கில் ஒரு வயலில் நிற்கிறது. அங்கே புழு அதைக் கடிக்கிறது. தேனீ அதன் பூவில் அமர்கிறது. காற்று அதன் மகரந்தத்தை அடுத்த வயலுக்குக் கொண்டு போகிறது. அந்த வயலுக்கும் அதைச் சுற்றியுள்ள உயிர்களுக்கும் என்ன ஆகிறது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அதைத்தான்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. இந்தியாவில் அரசு அனுமதியுடன் வணிக அளவில் பயிரிடப்படும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். ஆனால் நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே நிற்கிறது. நாம் உடுத்தும் கைலியிலும், குழந்தைக்குக் கட்டும் தொட்டில் துணியிலும், கறவை மாட்டுக்கு ஊறவைக்கும் பருத்திக்கொட்டையிலும் அது இருக்கக்கூடும். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அனுபவம் நம் கண்முன்னே இருக்கிறது. எனவே ஊகங்களை விட்டுவிட்டு, நடந்ததைப் பார்த்தே பேசலாம்.

புழுவைக் கொல்லும் செடி

மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் மடிவதற்கான காரணத்தைத் தேடியபோது இது கண்டறியப்பட்டது. இது உண்டாக்கும் ஒருவகைப் புரதம் சில புழுக்களின் குடலில் ஒட்டி, குடலைத் துளைத்து, அவற்றைக் கொன்றுவிடும். மனிதர்களின் குடலிலும் ஆடு மாடுகளின் குடலிலும் அந்தப் புரதம் அவ்வாறு ஒட்டுவதில்லை. அதனால்தான் இயற்கை விவசாயிகளும் பல ஆண்டுகளாக இந்த பாக்டீரியாவைக் கரைத்துப் பயிருக்குத் தெளித்து வருகிறார்கள். தெளித்தது வெயிலில் சில நாட்களில் செயலிழந்துவிடும்.

விஞ்ஞானிகள் செய்தது என்னவென்றால், அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எடுத்துப் பருத்திச் செடிக்குள் வைத்தார்கள். இப்போது செடியே அந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது. காய்ப்புழு இலையையோ காயையோ கடித்தால் செத்துப்போகும். இதுவே பி.டி. பருத்தி. இந்தியாவில் 2002 மார்ச்சில் இதற்கு அனுமதி கிடைத்தது.

தொடக்க ஆண்டுகளில் பலன் தெரிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காய்ப்புழுவுக்காகத் தெளிக்கப்பட்ட மருந்து குறைந்தது. பருத்தி விளைச்சலும் கூடியது. அந்தக் கூடுதலில் பி.டி.யின் பங்கு எவ்வளவு, பாசனம், உரம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். தெளிக்கும் மருந்து, புழு வரும்போது மட்டும் வருகிறது, பிறகு போய்விடுகிறது. செடிக்குள் இருக்கும் மருந்து எப்போதும் இருக்கிறது. புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முளைத்த நாள் முதல் செடி காயும் நாள் வரை இருக்கிறது. அதுவும் ஓர் ஊரில் அல்ல, கோடிக்கணக்கான ஏக்கரில். பின்னால் வந்த சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

காய்ப்புழு எப்படித் தப்பியது?

பத்து லட்சம் காய்ப்புழுக்களில் ஒன்றுக்கு, இந்தப் புரதத்தைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வயலில் அந்த ஒன்றுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. ஆனால் எங்கு பார்த்தாலும் பி.டி. பருத்தியே நின்றால், மற்றவை எல்லாம் மடிந்து, தாங்கியவை மட்டும் எஞ்சும். அவை தமக்குள் இணைசேர்ந்தால் அடுத்த தலைமுறையும் தாங்கும் தலைமுறையாகவே பிறக்கும். சில ஆண்டுகளில் தாங்கும் புழுவே பெரும்பான்மையாகிவிடும்.

இது எதிர்பாராமல் நடந்த ஒன்று அன்று. இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துதான் ஒரு தடுப்பு ஏற்பாடும் வகுக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் புகலிடப் பயிர். பி.டி. பருத்தி வயலைச் சுற்றி, அல்லது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, சாதாரணப் பருத்தியை விதைக்க வேண்டும். அதில் சாதாரணப் புழுக்கள் பிழைத்து அந்துப்பூச்சியாகும். பி.டி. வயலில் தப்பிய ஒன்றிரண்டு, இவற்றோடு இணைசேரும். அவற்றின் குஞ்சுகளில் பெரும்பாலானவை பி.டி.யைத் தாங்கமாட்டா. தாங்கும் தன்மை இப்படியே கரைந்துகொண்டிருக்கும். புழுவுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மருந்தின் வலிமையைக் காக்கும் ஏற்பாடு இது.

450 கிராம் பி.டி. விதைப் பையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோர் அதை விதைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், "ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு" என்றால் அவர் எப்படி விடுவார்? அதன் காரணத்தை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும், செய்தாரா என்று பார்க்கவும் ஆட்கள் போதவில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்தன. ஒன்று, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் உணவுப் பழக்கம். பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எனப் பலவற்றையும் தின்னும். அந்தப் பயிர்களே அதற்குப் புகலிடமாகிவிட்டன. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ பெரும்பாலும் பருத்தியை நம்பியே வாழ்வது. பருத்தி முழுவதும் பி.டி. ஆகிவிட்டால் அதற்கு வேறு இடம் இல்லை. மற்றொன்று, இங்கே விற்கப்பட்டவை நீண்ட காலம் வயலில் நிற்கும் வீரிய ஒட்டு ரகங்கள். பருவத்தின் கடைசி மாதங்கள் வரை காய் இருந்ததால், புழு கூடுதலாக ஒன்றிரண்டு தலைமுறை பெருக முடிந்தது.

முடிவு என்ன? 2010இல் குஜராத்தின் சில மாவட்டங்களில் முதல் பி.டி. புரதத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டதாக விதை நிறுவனமே அறிவித்தது. அதற்குள் இரண்டு புரதங்கள் கொண்ட இரண்டாம் வகைப் பருத்தி பரவியிருந்தது. 2014–15 வாக்கில் அதே குஜராத்தில் அந்தப் பருத்தியின் காய்களுக்குள்ளும் புழு உயிரோடு இருந்தது. பிறகு மகாராஷ்டிரா, தெலங்கானா எனப் பரவி, சில ஆண்டுகளில் வடக்கே பஞ்சாப், ஹரியானா வரை போய்விட்டது. விவசாயி விலை கொடுத்து பி.டி. விதையும் வாங்குகிறார், அதன் மேல் பூச்சிமருந்தும் வாங்குகிறார்.

மருந்து திரும்பி வந்ததன் விலை பணம் மட்டும் அன்று. 2017இல், பூச்சித் தாக்குதல் மிகுந்த பருவத்தில், மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தபோது நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இறந்தார்கள். முகமூடியும் கையுறையும் இல்லாதது, மருந்துகளைக் கலந்து அடித்தது, செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தது எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பூச்சிமருந்தைக் குறைப்பதற்காக வந்த பயிரின் வயல்களில் இது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அதே மரபணு, வேறு முடிவு

இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு வருவோம். அங்கும் அதே இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அங்கும் அதே பி.டி. பருத்தி. 1996இல் தொடங்கினார்கள். புகலிடப் பயிரை விவசாயிகள் பெரும்பாலும் ஒழுங்காக விதைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் வயல்களிலிருந்து புழுக்களைப் பிடித்து, தாங்கும் தன்மை கூடுகிறதா என்று சோதித்தார்கள். 2006 முதல் இனப்பெருக்கத் திறன் நீக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து பெருமளவில் தூவினார்கள். வயலில் எஞ்சிய பூச்சிகள் அவற்றோடு இணைசேர்ந்து, சந்ததி இல்லாமல் போயின. சுமார் நூறு ஆண்டுகள் அமெரிக்கப் பருத்தியை அரித்த அந்தப் புழு முற்றாக ஒழிந்துவிட்டது என்று 2018இல் அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

மரபணு ஒன்றுதான், புழுவும் ஒன்றுதான். குஜராத்தில் புழு வென்றது, அரிசோனாவில் புழு தோற்றது. எனவே "மரபணு மாற்றம் நல்லதா, கெட்டதா?" என்று ஒற்றை வரியில் கேட்டால் சரியான விடை கிடைக்காது. எந்தப் பயிர், எந்த மண், எப்படிப்பட்ட விவசாயி, யார் கண்காணிப்பது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் பாதுகாப்பாக நடந்த ஒன்று, அதே ஏற்பாடுகள் இல்லாத மற்றோரிடத்தில் பாதுகாப்பாக நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சூழல் ஆபத்தைப் பற்றி நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

காலியான இடத்துக்கு வந்தவை

வயல் என்பது பல உயிர்கள் ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் வாழும் இடம். ஒன்றை அகற்றினால் அந்த இடம் காலியாகவே இருக்காது.

சீனாவின் வடபகுதியில் பி.டி. பருத்தி வந்த பிறகு காய்ப்புழுவுக்கான மருந்துத் தெளிப்பு குறைந்தது. அந்த மருந்துகளால் அதுவரை கூடவே மடிந்துகொண்டிருந்த மிரிட் என்னும் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள் பெருகின. பி.டி. புரதம் அவற்றை ஒன்றும் செய்யாது. அவை பருத்தியோடு நிற்காமல் திராட்சை, ஆப்பிள், பேரிக்காய் தோட்டங்களையும் தாக்கின. சீன ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கு மேல் கவனித்து 2010இல் இதை வெளியிட்டார்கள். நம் நாட்டில் 2015இல் பஞ்சாபின் பருத்தியை வெள்ளை ஈ அழித்ததும் இந்த வரிசையில் பார்க்க வேண்டிய ஒன்று. வெள்ளை ஈயும் பி.டி.க்குக் கட்டுப்படாதது. பி.டி. பருத்தியாக விற்கப்பட்ட ஒட்டு ரகங்களில் பல, சாறு உறிஞ்சும் பூச்சிகளை எதிர்த்து நிற்கும் வலிமை குறைந்தவை. நம் கரிசல் மண்ணின் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகளுக்கு அந்த வலிமை இயல்பிலேயே உண்டு. ஆனால் அவற்றை விதைப்போர் இன்று மிகச் சிலரே.

களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள்

உலகில் அதிகம் பயிரிடப்படும் மரபணு மாற்றப் பயிர்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை வயல் முழுவதும் அடித்தாலும் பயிர் சாகாது. களை மட்டும் சாகும். 1996இல் அமெரிக்காவில் இவ்வகைச் சோயா வந்தது. பின்னர் பருத்தியும் மக்காச்சோளமும் வந்தன. களையெடுக்கும் வேலை மிச்சம் என்று விவசாயிகள் மகிழ்ந்தார்கள். பலர் மற்றக் களைக்கொல்லிகளையும் உழவு முறைகளையும் விட்டுவிட்டு, இந்த ஒன்றையே ஆண்டுதோறும் அடித்தார்கள்.

காய்ப்புழுவுக்கு நடந்ததே களைக்கும் நடந்தது. 2005இல் ஜார்ஜியா மாநிலத்தில் கிளைபோசேட்டுக்குச் சாகாத ஒரு களை உறுதி செய்யப்பட்டது. பெயர் பால்மர் அமரந்த். நம் வீட்டுத் தண்டுக்கீரை, முள்ளுக்கீரை இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஒரே பெண் செடி சில லட்சம் விதைகளைக் கொட்டும். சில ஆண்டுகளில் பல மாநிலங்களின் பருத்தி, சோயா வயல்களில் அது பரவியது. இயந்திரத்தில் விவசாயம் செய்தவர்கள் கூலி ஆள் வைத்துக் கையால் களை பிடுங்கும் நிலைக்கு வந்தார்கள்.

அதற்குத் தீர்வாக டைகாம்பா என்ற மற்றொரு பழைய களைக்கொல்லியைத் தாங்கும் சோயா கொண்டுவரப்பட்டது. டைகாம்பா ஆவியாகிக் காற்றில் நகரக்கூடியது. 2017இல் மட்டும், அந்தத் தன்மை இல்லாத சோயா சுமார் 36 லட்சம் ஏக்கரில் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகம் கணக்கிட்டது. பக்கத்து வயல்காரர் ஒரு தவறும் செய்யவில்லை. காற்று அவர் பக்கம் வீசியது, அவ்வளவுதான்.

வண்ணத்துப்பூச்சியின் கதையும் இதோடு சேர்ந்தது. வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்துக்கு மெக்சிகோ மலைகள் வரை பறந்து போவது. அதன் புழுக்கள் உண்பது பால்களைச் செடி ஒன்றையே. அது நம் எருக்கின் உறவு. 1999இல் ஓர் ஆய்வு, பி.டி. மக்காச்சோளத்தின் மகரந்தம் படிந்த இலையைத் தின்ற மொனார்க் புழுக்கள் சாகின்றன என்றது. உலகமே பதறியது. தொடர்ந்து வயல்களில் செய்யப்பட்ட விரிவான ஆய்வுகள், பரவலாகப் பயிரிடப்பட்ட ரகங்களின் மகரந்தத்தால் ஏற்படும் ஆபத்து மிகச் சிறியதே என்று 2001இல் காட்டின. ஆனால் யாரும் அதிகம் கவனிக்காத பக்கத்திலிருந்து கேடு வந்தது. களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் பரவியதும் வயல்களுக்குள் இருந்த பால்களைச் செடிகள் அழிந்தன. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1999க்கும் 2010க்கும் இடையே அச்செடி 58 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நாம் பயந்த இடத்தில் ஆபத்து இல்லை. பயப்படாத இடத்தில் இருந்தது. ஒரு பயிரைச் சோதிக்கும்போது அதன் மரபணுவை மட்டும் சோதித்தால் போதாது, அதோடு வரும் மருந்தையும் பழக்கத்தையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வேலி அறியாத மகரந்தம்

மேலே சொன்னவை எல்லாம், மனம் வைத்தால் ஓரளவு திருத்தக்கூடியவை. மகரந்தமும் விதையும் வெளியேறுவது அப்படியல்ல.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கோல்ஃப் திடல்களுக்காகக் களைக்கொல்லி தாங்கும் ஒருவகைப் புல் சோதனையாகப் பயிரிடப்பட்டது. அதன் மகரந்தம் 21 கிலோமீட்டர் தொலைவில் இருந்த புல்லைக்கூடக் கருவுறச் செய்திருப்பதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. சோதனைகள் நின்ற பல ஆண்டுகளுக்குப் பிறகும், 2010இல், அம்மாநிலத்தின் கிழக்கே வாய்க்கால் கரைகளில் அந்தப் புல் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. வழக்கமான களைக்கொல்லிக்கு அது சாகாது. அதற்காகத்தானே அதை உருவாக்கினார்கள்! ஒரு மருந்தில் பிழை இருந்தால் கடைகளிலிருந்து திரும்பப் பெறலாம். வண்டியில் கோளாறு என்றால் பட்டறைக்கு அழைக்கலாம். தானே விதைத்துத் தானே பெருகும் உயிரை எங்கே போய்த் திரும்பப் பெறுவது?

பி.டி. கத்தரிக்காய் விவாதத்தில் இந்தக் கேள்விக்கு முக்கிய இடம் இருந்தது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றது. கத்தரி நம் மண்ணின் பயிர். நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களும் காட்டு உறவுகளும் இங்கே உள்ளன. புதிய மரபணு அவற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு ஏற்றுக்கொண்ட பிறகும், ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்ட அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். 2013இல் பங்களாதேஷ் அதே கத்தரிக்கு அனுமதி தந்தது. அங்கே காய்த்துளைப்பானுக்காகத் தெளிக்கும் மருந்து குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குஜராத்தின் பாடம் அங்கே கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதில்தான் அந்தப் பலன் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது இருக்கிறது.

இப்போது நம் நாட்டில் விவாதத்தில் இருப்பது கடுகு. டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் ஒப்புதல் குழு பரிந்துரை அளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 ஜூலை 23 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். ஆனால் மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

மரபணு மாற்றம் என்றாலே நஞ்சு என்று பரப்பப்படும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பிப் பகிர்வது நமக்கு அழகல்ல. சந்தையில் உள்ள இவ்வகை உணவுகள் மற்ற உணவைவிட உடலுக்கு அதிகக் கேடு தருகின்றன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான அறிக்கை கூறியது. அதே அறிக்கைதான், பூச்சிகளும் களைகளும் எதிர்ப்புத்தன்மை பெறுவது விவசாயத்துக்குப் பெரும் சிக்கல் என்றும் எச்சரித்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

அதேபோல், "விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்குவதும் சரியல்ல. காய்ப்புழு தப்பும் என்று விஞ்ஞானிகள் முன்பே சொன்னார்கள். சொன்னதை வயலில் நடைமுறைப்படுத்த யாரும் பொறுப்பேற்கவில்லை. எனவே ஒரு புதிய பயிர் வரும்போது, நாம் விவசாயியாக இருந்தாலும், வாங்கி உண்பவராக இருந்தாலும், சில கேள்விகளைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இந்தப் பயிருக்குக் காட்டு உறவுகள் இங்கே உள்ளனவா? மகரந்தம் எவ்வளவு தூரம் போகும்? புகலிட ஏற்பாடு சிறு விவசாயியால் செய்யக்கூடியதா? ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்துக் கண்காணிப்பவர் யார்? பக்கத்து வயலுக்குச் சேதம் வந்தால் ஈடு தருபவர் யார்? இவற்றுக்கு விதை வரும் முன்பே எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. சொந்த ஊரில் கொஞ்சம் நிலமோ, வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தியோ உள்ளவர்கள், நம் பாட்டிமார் சாம்பல் தடவி மண்பானையில் எடுத்துவைத்த கத்தரி, வெண்டை, அவரை விதைகள் இன்னும் யாரிடமாவது இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிள்ளைகளோடு சேர்ந்து ஊன்றுங்கள். ஓர் ஊரில் பத்து வீட்டில் பத்து ரகம் இருந்தால், ஒரு பூச்சி வந்து அனைத்தையும் ஒரே நாளில் வென்றுவிட முடியாது.

மண்ணும் விதையும் நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பயன்படுத்தலாம், அதிலிருந்து பலன் பெறலாம். ஆனால் வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுக்க முடியாதபடி மாற்றும் முன் ஒன்றுக்குப் பத்து முறை யோசிக்க வேண்டும். நமக்குப் பின் அதே வயலில் விதைக்கப் போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள்.